குடியும் குளிர்பானமும் குடல்நோயும்
(திருவிழாவையொட்டிக் கோயில் மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சுகாதாரச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவமனை ஏற்பாடு செய்யும் கூட்டத்திற்கு வருவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோயிலுக்கோ குடிப்பவரும் வருகிறார், குடிப்பவரின் மனைவியும் வருகிறார், அவர்களுடைய பிள்ளைகளும் வருகின்றனர். ஆகவே இச்செய்தியைச் சொல்ல இதைவிட ஏற்ற இடம் வேறில்லை எனலாம்.

குடியின் கேடுகள் என்றவுடன் இந்நாட்டு இந்துக்களின் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் கேடுகளே ஆகும். சம்பளப் பணம் கரைதல், வீட்டில் அடிதடி, சாலை விபத்து, கள்ளச் சாராயத்தால் சாவு என்பவை யாவரும் அறிந்தவை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மதுவை அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது நாடே அதிர்ந்தது. நாளேடுகள் பல நாள் எழுதின. ஆனால் முத்திரை குத்திய புட்டியில், சட்டப்படி விற்கப்படும் மதுவை இருபது முப்பது ஆண்டுகள் அருந்திய ஒருவர் ஐம்பத்தைந்தாவது வயதில் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தால், அது செய்தியாவதில்லை. ‘விதி’ என்றும் ‘கெட்ட நோய்’ என்றும் சொல்லிக் காரியம் முடித்துவிடுகின்றனர். குடிக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

குடியை எதிர்த்தல் மலாயாத் தமிழருக்குப் புதியதன்று. தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலத்தில், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். அவர்கள் காக்க எண்ணியது தொழிலாளியின் கூலியையும் மானத்தையும் குடும்பத்தையும். மது புற்றுநோயை உண்டாக்கும் என்பது அன்று உறுதிப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்ததும் பிரான்சின் லியோன் நகரில் இயங்குவதுமான அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 1988-ஆம் ஆண்டில்தான் மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என முதற் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாசும் அதே பிரிவில் உள்ளன. ஒரே பிரிவில் இருப்பதால் இவை மூன்றும் சம அளவில் கொடியவை என்று பொருள் கொள்ளலாகாது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அப்பிரிவு காட்டும். மதுவைப் பொறுத்தவரை சான்றில் ஐயமில்லை.

மது எவ்வாறு புற்றுநோய்க்கு வழிகோலுகிறது என்பதைச் சற்று விரிவாக அறிதல் நலம்; காரணம் விளங்கினால்தான் அறிவுரை மனத்தில் நிற்கும்.

எந்த மதுவாயினும் அதில் போதை தருவது எத்தனால் என்னும் பொருளே. உடலுக்குள் சென்றதும் எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைட் என்னும் நச்சுப்பொருளாக மாறுகிறது. பின்னர் அது தீங்கு குறைந்த அசிட்டேட்டாக மாற்றப்படுகிறது. இடையில் தோன்றும் அசிட்டால்டிஹைட்தான் உயிரணுக்களின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. சிதைந்ததைச் செப்பனிடும் இயற்கையான ஏற்பாட்டையும் அது தடுக்கிறது. இம்மாற்றம் கல்லீரலில் மட்டும் நடைபெறுவது என்று பலரும் நினைக்கின்றனர். அது முழு உண்மையன்று. வாயில் வாழும் நுண்கிருமிகளே எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்ற வல்லவை. எனவே மது விழுங்கப்படுமுன்பே, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தொண்டையிலும் நஞ்சு ஊறத் தொடங்கிவிடுகிறது. அடுத்து உணவுக்குழாய். மெல்லிய தோல் போன்ற உட்சுவரை உடைய அக்குழாயின் மீது மது நேராகப் படுகிறது. ஆண்டுக்கணக்கில் புண்ணாவதும் ஆறுவதுமாக இருக்கும் சுவரில், என்றோ ஒரு நாள் ஓர் உயிரணு கட்டுமீறிப் பெருகத் தொடங்குகிறது.

இரைப்பையில் கிரந்தியும் எரிச்சலும் குடிப்போர் அறிந்தவையே. நாளொன்றுக்கு மூன்று கிண்ணம் அளவுக்கு மேல் அருந்துவோருக்கு இரைப்பைப் புற்றுநோயும் கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. கல்லீரலின் கதை வேறு. அங்கு முதலில் கொழுப்புப் படிகிறது, பிறகு அழற்சி, அதன்பின் நல்ல தசை அழிந்து வடுவாக இறுகிப்போகும் கல்லீரல் சுருக்க நோய், அந்த வடுவின் நடுவே புற்று. இப்பாதையில் பல ஆண்டுகள் வலியே இராது. வயிறு வீங்கிக் கண் மஞ்சளான பின்னரே பலர் மருத்துவரைக் காண்கின்றனர். பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் மது நேராகச் செல்வதில்லை. ஆயினும் இரத்தத்தின் வழியே அங்கு சேரும் எத்தனாலைக் குடற்கிருமிகள் அசிட்டால்டிஹைடாக மாற்றுகின்றன. உயிரணுக்களைக் காக்கும் ஃபோலேட் என்னும் சத்தையும் மது குறைக்கிறது. வாய் முதல் மலக்குடல் வரை குடியின் தடம் படாத இடம் மிகக் குறைவு. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் இதே பட்டியலில் சேர்ந்துள்ளது. அது செரிமான உறுப்பன்று என்றாலும் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும்.

“பீர் சூடு தணிக்கும், விஸ்கிதான் கெடுதல்” என்பார் ஒருவர். “இது விலையுயர்ந்த சரக்கு, ஒன்றும் செய்யாது” என்பார் இன்னொருவர். ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர் இரத்தம் ஊறச் செய்யும் என்பதும், பிள்ளை பெற்ற தாய்க்குப் பிராந்தி கொடுத்தால் உடம்பு இறுகும் என்பதும் இந்நாட்டில் பழைய தலைமுறையினரிடம் வேரூன்றிய நம்பிக்கைகள். பாட்டிமார்கள் அன்பினால் கொடுத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. எனினும் எத்தனாலுக்கு விலையும் தெரியாது, நிறமும் தெரியாது. ஐந்து விழுக்காடு வலுவுள்ள 330 மில்லிலிட்டர் பீர் டின் ஒன்றில் ஏறத்தாழ 13 கிராம் எத்தனால் இருக்கிறது. நாற்பது விழுக்காடு வலுவுள்ள விஸ்கியை 30 மில்லிலிட்டர் அளந்து ஊற்றினால் அதில் இருப்பது 9 முதல் 10 கிராம் வரை. விஸ்கிக்குப் பயந்து இரண்டு டின் பீர் குடிப்பவர், ஒரு சிறு கிண்ணம் விஸ்கி குடிப்பவரைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் நஞ்சை உட்கொள்கிறார். கள்ளும், சம்சுவும், திராட்சை மதுவும் இக்கணக்குக்கு விலக்கல்ல.

திராட்சை மது நெஞ்சுக்கு நல்லது என்ற பேச்சும் படித்தவர்களிடையே பரவலாக உண்டு. 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வெளியிட்ட அறிக்கை, உடல்நலத்திற்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவும் இல்லை எனத் தெளிவாகக் கூறியது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியும், மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றித் தனி எச்சரிக்கை விடுத்தார்.

எத்தனை பேர் பாதிக்கப்படுகின்றனர்? 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களுள் ஏறத்தாழ 7 இலட்சத்து 41 ஆயிரம் மதுவினால் விளைந்தவை என்று 2021-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்கு நான்கு என்ற கணக்கு. அவற்றுள் முதலிடம் உணவுக்குழாய்க்கு, அடுத்தது கல்லீரலுக்கு. பாதிக்கப்பட்டோரில் நான்கில் மூவர் ஆண்கள். இதில் உற்று நோக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்த ஏழு இலட்சத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவை, நாளொன்றுக்கு இருபது கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒன்றரை டின் பீருக்குள் அடங்கும் அளவில் அருந்தியோருக்கு வந்தவை. மொடாக்குடியருக்கு ஆபத்து மிகுதி என்பது உண்மையே. ஆனால் “அளவோடு குடிப்பவன்” என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரும் அக்கணக்கில் இடம்பெற்றிருக்கிறார்.

மதுவருந்தியதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும் இயல்பு சீன இனத்தவர் பலரிடம் உண்டு. கிழக்காசிய இனத்தவருள் மூன்றில் ஒருவருக்கு மேல், அசிட்டால்டிஹைடை வெளியேற்றும் நொதியம் பிறவியிலேயே குறைவாக இருப்பதே காரணம். அத்தகையோர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் அதிகம். முகச் சிவப்பு இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதன் அடையாளம் என்று பாராட்டுவது அறியாமை. சீன நண்பர்களுடனும் சக ஊழியர்களுடனும் விருந்தில் அமரும் அன்பர்கள், முகம் சிவந்தவரை மேலும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதிருப்பதே நட்பு. இந்தியருக்கு இக்குறைபாடு பெரிதும் காணப்படுவதில்லை. அதைக்கொண்டு இந்தியர் தப்பினர் என்று மகிழ்வதற்கும் இடமில்லை. ஏனெனில் இங்குள்ள இந்தியரிடம் வேறு இரண்டு துணைக் கேடுகள் இருக்கின்றன.

ஒன்று, கிண்ணத்தோடு கூடவே வரும் சிகரெட்டு. புகையிலையின் நச்சுகள் வாயின் உட்தோலுக்குள் எளிதில் ஊடுருவ மது வழி திறந்துவிடுகிறது. இரண்டும் சேரும்போது வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களின் ஆபத்து இரண்டையும் தனித்தனியே கூட்டினால் வருவதைவிடப் பன்மடங்கு பெருகுகிறது. பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்தில் டுயின்ஸ் என்னும் ஆய்வாளர் 1970-களிலேயே இதைக் கண்டறிந்து எழுதினார். மற்றொன்று வெற்றிலைபாக்கு. பாக்குச் சேர்ந்த வெற்றிலை, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்குவதென 2004-இல் வெளியான அறிக்கையில் முதற் பிரிவில் சேர்க்கப்பட்டது. மலேசிய இந்தியரிடையே, குறிப்பாகத் தோட்டப்புறத்து மூதாட்டியரிடையே, வாய்ப்புற்று மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம். தாம்பூலத்தை மங்கலப் பொருளாகத் தட்டில் வைப்பது ஒன்று. நாள் முழுதும் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வேறொன்று.

இனிக் குளிர்பானத்திற்கு வருவோம்.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. குளிர்பானம் அருந்தினால் புற்றுநோய் வரும் என்று சிலர் அச்சுறுத்துகின்றனர். மதுவுக்கு உள்ளது போன்ற சான்று குளிர்பானத்திற்கு இல்லை. 2004-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்காவில் காற்றடைத்த பானங்களின் விற்பனை பெருகியதையும் உணவுக்குழாயின் ஒருவகைப் புற்றுநோய் பெருகியதையும் அருகருகே வைத்துக் காட்டி, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றனர். வயிற்றில் காற்று நிரம்பி அமிலம் மேலெழும் என்பது அவர்கள் கூறிய காரணம். செய்தி உலகெங்கும் பரவியது. 2006-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயுற்றவர்களையும் நோயற்றவர்களையும் தனித்தனியே விசாரித்து ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இரண்டு பொருள்கள் ஒரே காலத்தில் வளர்ந்ததனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. பானத்தின் நுரையைப் பற்றிய அச்சத்தை ஒதுக்கிவைக்கலாம்.

கவலை தருவது அதில் கரைந்திருக்கும் சீனி. வழக்கமான கோலா பானம் 330 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் சீனி, அதாவது எட்டு ஒன்பது தேக்கரண்டி, அடங்கியிருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு அறிவுறுத்தியது. சோறோ தோசையோ உண்டால் வயிறு ‘போதும்’ என்கிறது. நீரில் கரைந்து வரும் சீனிக்கு அப்படி ஒரு தடை இல்லை. குடித்த பின்பும் வழக்கமான அளவு சோறு இறங்குகிறது. சீனியின் ஒரு பகுதியாகிய ஃப்ரக்டோசைக் கையாளும் பொறுப்புப் பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது; அளவு மீறும்போது அது கொழுப்பாக மாறி அங்கேயே தங்குகிறது. ஒரு சொட்டு மதுவும் தொடாத பெண்மணிக்கும், பதினைந்து வயதுப் பையனுக்கும் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக மருத்துவர் சொல்லும்போது குடும்பத்தார் திகைப்பது இதனால்தான். அதிக உடற்கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2016-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முடிவு கூறியது. அவற்றுள் ஆறு செரிமான மண்டலத்தைச் சேர்ந்தவை: உணவுக்குழாயின் ஒருவகைப் புற்று, இரைப்பையின் மேல்வாய், பெருங்குடலும் மலக்குடலும், கல்லீரல், பித்தப்பை, கணையம்.

சீனிப் பானத்தையே நேராக ஆராய்ந்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் 95 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாதியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ இனிப்புப் பானம் அருந்தியோருக்கு, ஐம்பது வயதுக்கு முன்பே பெருங்குடல் புற்றுநோய் வந்தது, அரிதாக அருந்தியோரைவிட இரு மடங்குக்குச் சற்று மேலாக இருந்தது. மாதவிலக்கு நின்ற 98 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வு, நாள்தோறும் இனிப்புப் பானம் அருந்தியோருக்குக் கல்லீரல் புற்றுநோய் 85 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எண்களைக் கண்டு அஞ்சிவிட வேண்டாம். முதல் ஆய்வில் நோயுற்றவர்கள் மொத்தம் 109 பேர். இரண்டாவதில் 207 பேர். சிறிய எண்ணின் இரு மடங்கும் சிறிய எண்ணே. தொடர்பு காணப்பட்டது என்பதற்கும் காரணம் மெய்ப்பிக்கப்பட்டது என்பதற்கும் இடைவெளியும் உண்டு. ஆயினும் நாள்தோறும் குடிக்கும் பழக்கம் பதினைந்து வயதில் தொடங்கினால், ஐம்பது வயதுக்குள் உடல் கடந்துவிடும் தூரம் மிகவும் நீண்டது.

சீனி சேராத ‘டயட்’ வகைகளைப் பற்றியும் கேட்பதுண்டு. அவற்றில் சேரும் அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பு, 2023 ஜூலையில், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பிரிவில் வைக்கப்பட்டது. அதே வேளையில் உணவுச் சேர்மங்களை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. எழுபது கிலோ எடையுள்ளவர் அவ்வரம்பைத் தாண்ட நாளொன்றுக்கு ஒன்பது டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். எனவே பீதிக்கு இடமில்லை. இருந்தாலும் தாகத்துக்குத் தண்ணீர் இருக்கும்போது அது எதற்கு என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

குளிர்பானம் என்றதும் பன்னாட்டு நிறுவனங்களின் டின்களை மட்டும் குறை கூறிவிட்டு, ரோஜா நிறச் சிராப்பையும், பண்டோங்கையும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கையும் மறந்துவிடுதல் நேர்மையாகாது. (தேநீரை உயர்த்தி ஆற்றித் தருவதில் ஒரு நன்மை உண்டு. 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்க அருந்தப்படும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதற்கு வாய்ப்பு மிகுதி என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது.) மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை முதல், நூறு மில்லிலிட்டரில் ஐந்து கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்து, 2024-இல் அதை 50 சென்னாக உயர்த்தியது. சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புட்டியிலும் பெட்டியிலும் விற்கப்படும் பானங்களுக்குத் தரக்குறி முறை நடப்பிலுள்ளது. பத்துக் கிராமுக்கு மேல் சீனியுள்ளவை கடைசித் தரமான ‘டி’ பெற்று, விளம்பரமும் செய்ய முடியாது. இவ்விரண்டு சட்டங்களும் கோயில் தண்ணீர்ப் பந்தலுக்குள் நுழைவதில்லை. தைப்பூசத்தன்று பந்தலுக்குப் பந்தல் சிராப்புத் தண்ணீரும் பெட்டிப் பானங்களும் வழங்கப்படுவதும், குழந்தைகள் வழிநெடுக ஐந்தாறு வாங்கிக் குடிப்பதும் கண்கூடு. நீர்மோரும், எலுமிச்சையும் உப்பும் கலந்த நீரும், வெறும் குளிர்ந்த நீரும் தொண்டு செய்வோருக்குச் செலவிலும் குறைவு. அடுத்த ஆண்டுப் பந்தலுக்கு உபயம் ஏற்போர் பெட்டிகளுக்குப் பணம் கட்டுமுன் இதை எண்ணிப் பார்த்தல் தகும்.

மதுவும் குளிர்பானமும் ஒன்றுசேரும் இடமும் உண்டு. விஸ்கியில் கோலாவைக் கலந்து அருந்தும் இளைஞர்கள், கசப்புத் தெரியாமற் போவதால் அளவு மீறுகின்றனர். எத்தனாலும் சீனியும் ஒரே கல்லீரலின் தலையில் விழுகின்றன. மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயது 21 ஆக உயர்த்தப்பட்டும், அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்குக் கிண்ணம் மாறுவதைச் சட்டம் பார்ப்பதில்லை. குடியை விட்டவர்களிடமும் ஒரு பழக்கத்தைக் காணலாம். கையில் ஏதேனும் இருந்தே ஆக வேண்டும் என்று நாளுக்கு நான்கு டின் இனிப்புப் பானத்திற்கு மாறிவிடுகின்றனர். குடியை விட்டது பெரும் வெற்றியே. ஆனால் ஏற்கெனவே நொந்த கல்லீரலுக்கு இந்தப் புதிய சுமை ஏன்?

நிறுத்தினால் பயன் உண்டா, காலங்கடந்துவிட்டதே என்று கேட்போர் பலர். இதற்கும் விடை கிடைத்திருக்கிறது. மதுவைக் குறைத்தல் அல்லது நிறுத்துதல் வாய்ப்புற்று, உணவுக்குழாய்ப் புற்று ஆகிய இரண்டின் ஆபத்தையும் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்று உள்ளதென 2023 டிசம்பரில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. குரல்வளை, பெருங்குடல், மார்பகம் ஆகியவற்றுக்குச் சான்று ஓரளவே கிடைத்திருக்கிறது; கல்லீரலைப் பற்றி முடிவு கூற இன்னும் ஆய்வு போதவில்லை. பயன் ஒரே வாரத்தில் தெரிவதன்று, ஆண்டுக்கணக்கில் சேர்வது.

இவ்விடத்தில் கோயிலுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. காவடி நேர்ந்துகொண்டவர் 48 நாள் விரதம் காக்கிறார். ஆண்டு முழுதும் மாலையானால் கடைக்குச் செல்லும் கால்கள் அந்நாட்களில் செல்வதில்லை. மருத்துவரால் செய்ய முடியாததை வேண்டுதல் செய்துவிடுகிறது. விரதம் முடிந்து, இடும்பன் பூசையும் முடிந்த மறுநாளே பழைய நண்பர்கள் அழைக்கின்றனர். “இத்தனை நாள் இருந்தாயே” என்று பரிவோடு ஊற்றித் தருகின்றனர். நாற்பத்தெட்டு நாள் நிறுத்த வல்லவர் நாற்பத்தொன்பதாம் நாளும் நிறுத்த வல்லவரே. அந்த ஒரு மாலையில் அவரைத் தனியே விடாமல், வீட்டாரும் காவடிக் குழுவினரும் உடனிருந்தால் எவ்வளவோ நன்மை விளையும்.

இதில் ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மிடறு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், விரதத்தின் பெயரால் ஒரே நாளில் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வலிப்பும் சித்தப் பிரமையும் இரண்டு மூன்று நாட்களுக்குள் வரக்கூடும். அதைச் ‘சாமிக் குற்றம்’ என்றெண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்லாமல், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அத்தகையோர் விரதம் தொடங்குமுன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் துணையோடு நிறுத்துவதே முறை. குடியிலிருந்து மீண்டவர்கள் தமக்குள் கூடி ஒருவரையொருவர் தாங்கும் குழுக்களும் மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் இயங்குகின்றன.

காவல் தெய்வங்களுக்கு மதுவும் சுருட்டும் படைக்கும் வழக்கம் இந்நாட்டுச் சிறு கோயில்கள் சிலவற்றில் தொடர்கிறது. முன்னோர் வழி வந்த அவ்வழக்கத்தின் சரி தவறுகளை ஆகமம் அறிந்த பெரியோர் பேசட்டும். மருத்துவம் கேட்பது ஒன்றே: படைத்த புட்டி பூசை முடிந்ததும் எங்கே போகிறது? கோயிலின் பின்புறத்தில் இளைஞர் வட்டமாக அமர்ந்து அதைப் பிரசாதம் என்று பங்கிட்டுக்கொள்வார்களாயின், முதற் கிண்ணத்தைக் கோயிலிலேயே பெற்ற பிள்ளையைப் பிறகு யார் கண்டிப்பது? திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை என்பதைத் தேவார வகுப்பில் கற்பிக்கும் கோயில்களே இதைச் சிந்திக்க வேண்டும்.

இறுதியாக நோயை முன்கூட்டி அறிதல் பற்றி. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையில், ஆண்களிடையே பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே முதலிடம் பெற்றது. பெண்களிடையே மார்பகத்திற்கு அடுத்த இடம். கண்டறியப்பட்டோரில் பெரும்பாலோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை அடைந்திருந்தனர். மலத்தில் இரத்தம் கண்டால் மூலநோய் என்று தாமே முடிவு செய்துகொள்வதும், வெட்கப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்லாதிருப்பதும் இதற்குக் காரணங்கள். வாயில் மூன்று வாரத்திற்கு மேல் ஆறாத புண் அல்லது வெள்ளைப் படலம், சோறு தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளுதல், நோயின்றி எடை குறைதல், கண் மஞ்சளாதல், மலங்கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவரைக் காண வேண்டும். மருத்துவரிடம் குடியின் அளவைக் குறைத்துச் சொல்வது பலரின் வழக்கம். தந்தை “எப்போதாவது” என்று சொல்லும்போது, உடன் சென்ற மகள் உண்மையைச் சொல்லிவிடுவது அவமரியாதையாகாது.

குடிப்போர் கல்லீரல் அழற்சி ‘பி’ கிருமிக்கான இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் அதற்கான தடுப்பூசி போடப்படுவது சிங்கப்பூரில் 1987-இலும் மலேசியாவில் 1989-இலும் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுள் கிருமி உடலில் இருப்பதையே அறியாதோர் உண்டு. கிருமியும் மதுவும் சேர்ந்த கல்லீரல் விரைவில் கெடும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களும் 50 வயதானதும் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். மலேசியாவில் அரசாங்கச் சுகாதார நிலையங்களில், 50 முதல் 75 வயது வரை உள்ளோருக்கு இது செய்யப்படுகிறது. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதற்கான பெட்டியைச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் வழியாகப் பெறலாம். வீட்டிலேயே சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் குப்பியில் அடைத்துக் கொடுத்துவிட்டால் போதும். ஊசியில்லை, வலியில்லை. பரிசோதனையில் இரத்தம் காணப்பட்டால் புற்றுநோய் என்று பொருளல்ல. குழாய் செலுத்திக் குடலை உட்புறமாகப் பார்க்க வேண்டும் என்பதே பொருள். அவ்வாறு பார்க்கும்போது புற்றாக மாறக்கூடிய சிறு கட்டி தென்பட்டால், பெரும்பாலும் அப்பொழுதே அகற்றிவிடுகின்றனர்.